ஸ்கேனுக்காகக் குடித்த இரண்டரை லிட்டர்

முதலில் மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்தை என் மகளே முழுதாகப் படித்ததில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் லாரி நம்பரும் எடையும்தான். சின்ன ‘ர’ எங்கே வரும், பெரிய ‘ற’ எங்கே வரும் என்பது இன்றுவரை எனக்குக் குத்துமதிப்புதான். ஒற்று விட்டுப்போன இடத்தில் படிக்கிறவர்களே போட்டுக்கொள்ளவும்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். எனக்கு வெட்கம் அதிகம். கொஞ்சநஞ்சம் இல்லை. பஸ்ஸில் கூட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டு ‘இறங்கணும்’ என்று குரல் கொடுக்கக் கூச்சப்பட்டு, தேரடியில் இறங்க வேண்டியவன் எண்ணூர் வரை போய்த் திரும்பி வந்திருக்கிறேன். ஓட்டலில் சாம்பார் ஊற்ற மறந்துவிட்டால் கேட்க மாட்டேன், இட்லியை அப்படியே விழுங்கிவிட்டு எழுந்துவிடுவேன். என் கல்யாணத்தில் ஐயர் மாப்பிள்ளை பெயரைக் கேட்டபோது, பக்கத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த கஸ்தூரிதான் ‘குமரேசன்’ என்று சொன்னாள். (அன்றிலிருந்து என் சார்பில் பேசுவது அவள் பொறுப்பாகிவிட்டது.)

வேலையும் அதற்கேற்ற மாதிரி அமைந்தது. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் ஓர் எடை மேடையில் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறேன். லாரி வரும். ‘முன்னால எடு’, ‘நிறுத்து’, ‘கீழ இறங்கு’. இந்த மூன்றைச் சொல்லத் தெரிந்தால் போதும். மீதியை மெஷின் பார்த்துக்கொள்ளும். காலி வண்டியை எடை போடும்போது சில டிரைவர்கள் சீட்டுக்குப் பின்னால் தண்ணீர் கேன்களை ஒளித்து வைப்பார்கள். காலி வண்டி எடை கூடி, பிறகு கேனை இறக்கிவிட்டுச் சரக்கு ஏற்றினால், சரக்கு எடை குறைவாகக் காட்டும் அல்லவா? அதையெல்லாம் நான் வாயைத் திறக்காமல், கேனை மட்டும் விரலால் காட்டிப் பிடித்திருக்கிறேன். தண்ணீரை ஒளித்து வைத்து எடையை ஏமாற்ற முடியாது என்பது என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் திருவொற்றியூரில் இருக்க மாட்டான். இப்படிப்பட்டவன்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மாதிரி மூச்சு வாங்க ஆரம்பித்தது. படுத்தால் மூச்சு முட்டும், உட்கார்ந்தால் சரியாகும். சுவரில் சாய்ந்தபடியே தூங்கப் பழகிக்கொண்டேன். காலும் வீங்கியது. செருப்பு நுழையவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. செருப்பு சுருங்கிவிட்டதாக நினைத்துக்கொள்வது எனக்குச் சௌகரியமாக இருந்தது. கடைசியில் என் மச்சான் ஏகாம்பரம்தான் பார்த்தான். கஸ்தூரியின் தம்பி, துறைமுகத்தில் கண்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவன். அவனுக்கு ராயபுரம் முழுவதும் கேட்கிற குரல்.

“இன்னா மாமா, காலு இது? யானைக்குட்டி மாதிரி வெச்சிகினு கீறே! எயுந்திரு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். (பெயர் வேண்டாம். அங்கே எல்லாரும் என்னை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். தப்பு முழுக்க என்னுடையது.) என் இதயம் ரத்தத்தைத் தள்ளுகிற வேகம் குறைந்துவிட்டதாம். அதனால் உடம்பில் தண்ணீர் தங்குகிறதாம். நீர் பிரிய ஊசி போட்டார்கள். உப்பில்லாத சாப்பாடு. ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீர்தான், காபி, ரசம் எல்லாம் சேர்த்து. தினமும் காலை ஆறு மணிக்கு எடை. போகிற சிறுநீரையெல்லாம் கோடு போட்ட பிளாஸ்டிக் கேனில் பிடித்துக் கொடுத்தால் சிஸ்டர் அளந்து, கட்டிலில் தொங்கும் தாளில் எழுதிவைப்பார்.

கஸ்தூரி இதை ஒரு கட்சிப் பொறுப்பு மாதிரி எடுத்துக்கொண்டாள். ஒரு லிட்டர் பாட்டிலில் நகப்பாலிஷால் நான்கு கோடு போட்டாள். காலைக்கு ஒரு கோடு, மதியத்துக்கு ஒரு கோடு, சாயங்காலத்துக்கு ஒன்று, ராத்திரிக்கு ஒன்று. “கோட்டைத் தாண்டினே, அவ்ளோதான்” என்று சொல்லிவிட்டுப் போவாள். வரும்போது முதலில் என் முகத்தைப் பார்க்க மாட்டாள். பாட்டிலைப் பார்ப்பாள்.

இவ்வளவு அவசரம் எதற்கென்றால், என் மகள் சங்கீதாவுக்கு அடுத்த வாரம் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை மீஞ்சூர். அங்கே கடல் தண்ணீரைக் குடிதண்ணீர் ஆக்கும் ஆலையில் வேலை செய்கிறார். அவருடைய அப்பா தனசேகர் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். உயரமான மனிதர், அடர்ந்த மீசை, என்னைவிடக் குறைவாகப் பேசுகிறவர். பெண் பார்க்க வந்த அன்று நாங்கள் இரண்டு பேரும் முக்கால் மணி நேரம் எதிரெதிரே உட்கார்ந்து மொத்தம் நான்கு வாக்கியம் பேசினோம். அதில் இரண்டு வெயிலைப் பற்றி.

எனக்கு இதயத்தில் கோளாறு என்று அவர்களிடம் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தவன் ஏகாம்பரம்.

“அப்பனுக்கு ஹார்ட்டுன்னா பொண்ணுக்கும் வருமோன்னு யோசிப்பாங்கக்கா. நெஞ்சு சளின்னு சொல்லிடு. நாலு நாள்ல வந்துடுவாருன்னு சொல்லு.”

கஸ்தூரிக்கு மனசு ஒப்பவில்லை. ஆனாலும் போனில் அப்படியே சொல்லிவிட்டாள். எனக்கும் ஒப்பவில்லை. ஆனால் அதைச் சொல்ல வாயைத் திறக்க வேண்டுமே.

நிச்சயத்துக்கு முதல் நாள் காலை. கால் வீக்கம் வற்றியிருந்தது. எழுபத்தேழு கிலோவாக உள்ளே வந்தவன் எழுபத்தொன்றில் நின்றேன். எங்கள் வார்டைப் பார்த்துக்கொண்டது ஒரு சின்ன வயது டாக்டரம்மா. என் மகளைவிட நான்கைந்து வயது கூடுதலாக இருந்தால் அதிகம். காலை அழுத்திப் பார்த்தார், நெஞ்சில் வைத்துக் கேட்டார்.

“நல்லா இருக்கீங்க ஐயா. ஆனா வெளிய வீக்கம் வத்தினாலும் உள்ளே தண்ணி நிக்கலாம். அது தெரியாம அனுப்பினா பத்து நாள்ல திரும்ப இங்கதான் வருவீங்க. மத்தியானம் நானே வந்து உங்க பெட்லயே ஒரு சின்ன ஸ்கேன் பார்க்கிறேன். அதுல சரியா இருந்தா நாளைக்குக் காலைல வீட்டுக்குப் போகலாம். சரியா?”

நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்குப் பதில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே இருந்திருக்காது.

ஸ்கேன் என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குக் கஸ்தூரியின் வயிற்று ஸ்கேன் ஞாபகம் வந்தது. அதற்கு முந்தின வருஷம் அவளுக்கு வயிற்று வலி. ஸ்கேன் எடுக்கப் போனோம். ‘தண்ணி குடிச்சீங்களா? பத்தாது. போய் இன்னும் குடிச்சிட்டு, முட்டும்போது வாங்க’ என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது தடவைதான் படமே எடுத்தார்கள். அந்த அறைக்கு வெளியே வரிசையில் பத்துப் பெண்கள் பாட்டிலும் கையுமாக, கால் மேல் கால் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த காட்சி என் கண்ணிலேயே நின்றது. ஸ்கேன் என்றால் தண்ணீர். தண்ணீர் இல்லாவிட்டால் ஸ்கேன் இல்லை. எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

ஆனாலும் ஒரு சந்தேகம் இருந்தது. தினம் ஒரு லிட்டர் என்று கணக்கு வைத்திருக்கும்போது எப்படிக் குடிப்பது? டாக்டரம்மா வார்டைத் தாண்டிப் போய்விட்டார். சிஸ்டரிடம் கேட்கலாம். சிஸ்டர் மேஜை பன்னிரண்டு அடி தூரத்தில் இருந்தது. அங்கே மூன்று சிஸ்டர்கள் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று பெண்கள் சிரிக்கும் இடத்துக்குப் போய் ‘மூத்திரம் முட்ட வேண்டுமா’ என்று கேட்கிற தைரியம் எனக்குப் பிறவியிலேயே கிடையாது.

ஆகையால் பக்கத்துக் கட்டிலில் இருந்த பாயைக் கேட்டேன். புளியந்தோப்புக்காரர். அறுபது வயது. அவருக்கும் நெஞ்சில் கோளாறுதான். ஆனால் அதற்கு முன்பு சிறுநீரகக் கல்லுக்கு ஆறு முறை ஸ்கேன் எடுத்தவர். வார்டில் மூத்த அனுபவசாலி.

“இன்னா நைனா இப்டி கேக்குறே? தண்ணி இல்லாம ஸ்கேனா? மெசின்ல ஒண்ணியும் தெரியாது. இருட்டா கீதுன்னு சொல்லிட்டு பூடுவாங்கோ. அப்பால நாளைக்கு, நாளன்னிக்குன்னு இஸ்துகினே போவாங்கோ.”

“ஒரு லிட்டருக்கு மேல கூடாதுன்னு சொல்லிகீறாங்களே பாய்?”

“அது குடிக்கிறதுக்கு. இது ஸ்கேனுக்கு. ரெண்டும் ஒண்ணா?”

எனக்கு அது மிகச் சரியாகப் பட்டது. நாளைக்கு என்றும் நாளன்றைக்கு என்றும் அவர் சொன்னதுதான் உள்ளே தைத்தது. நாளைக்கு நான் வீட்டில் இல்லையென்றால் தட்டு மாற்றும்போது பெண்ணுக்கு அப்பா எங்கே என்று நூறு பேர் கேட்பார்கள். நெஞ்சு சளி அதற்குப் பதில் ஆகாது.

கஸ்தூரியின் பாட்டிலை நான் தொடவில்லை. அவள் கோடு போட்ட தண்ணீரைக் குடித்தால் தெரிந்துவிடும். பாய் தன் இரண்டு பாட்டிலையும் கொடுத்தார், ஒவ்வொன்றும் ஒரு லிட்டர். பன்னிரண்டரைக்கு ஆரம்பித்து ஒன்றரைக்குள் இரண்டையும் முடித்தேன். ஐந்து நாளாகத் தாகத்தோடு கிடந்தவன். உண்மையைச் சொன்னால் அமுதம் மாதிரி இருந்தது. போதுமோ போதாதோ என்று வராந்தாக் குழாயில் ஒரு செம்பு பிடித்து அதையும் குடித்தேன். கஸ்தூரியை இரண்டு தடவை திருப்பி அனுப்பியவர்கள் என்னை ஒரு தடவைகூட அனுப்பக் கூடாது.

மொத்தம் இரண்டரை லிட்டர். நீர் பிரிவதற்கான காலை மாத்திரை ஏற்கெனவே உள்ளே வேலை செய்துகொண்டிருந்தது. அதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டு மணிக்கு முட்டியது. இரண்டரைக்குத் திரும்பிப் படுக்க முடியவில்லை. பாய் பக்கத்துக் கட்டிலில் இருந்து உற்சாகப்படுத்தினார்.

“புட்ச்சிக்கோ நைனா. வுட்டுட்டா மறுபடியும் மொதல்லேர்ந்து குடிக்கணும். இதோ வந்துருவாங்கோ.”

எதிரே சுவரில் இருந்த மின்விசிறி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்புவதை எண்ணிக்கொண்டிருந்தேன். நூற்றுப் பன்னிரண்டு வரை எண்ணினேன். மூச்சும் கொஞ்சம் இரைத்தது. அதை முட்டுகிற வேதனை என்றே நினைத்தேன்.

மூன்று மணிக்குச் சற்று முன்னால் டாக்டரம்மா வந்தார். பெரிய மெஷின் எதுவும் இல்லை. கையில் சீப்பு அளவுக்கு ஒரு கருவி, அதிலிருந்து ஒரு வயர், வயர் முடிவில் போனைவிடக் கொஞ்சம் பெரிய திரை. இத்தனூண்டு மெஷினுக்கு இரண்டரை லிட்டர் கொஞ்சம் அதிகமோ என்று அப்போதே தோன்றியது.

சட்டையைக் கழற்றச் சொன்னார். கழற்றிவிட்டு இரண்டு கையாலும் நெஞ்சை மூடிக்கொண்டேன். கையை எடுக்கச் சொன்னார். குளிர்ந்த பசையைத் தடவி விலாவில் வைத்தார். திரையில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஓடியது. நடுவில் மேலிருந்து கீழே வெள்ளை வெள்ளையாகக் கோடுகள் இறங்கின.

“ஒண்ணு… ரெண்டு… மூணு… நாலு…” என்று டாக்டரம்மா எண்ணினார்.

நான் அதை மார்க் என்று நினைத்தேன். நாலு, ஐந்து என்று கூடக்கூட எனக்குப் பெருமையாக இருந்தது. தண்ணீர் குடித்ததால்தானே இவ்வளவு பளிச்சென்று தெரிகிறது! பாயைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ‘நான் சொன்னேனே’ என்பது போல் கண்ணைச் சிமிட்டினார்.

டாக்டரம்மாவின் முகத்தில் சிரிப்பு இல்லை. கருவியை நெஞ்சுக்குழிக்குக் கீழே வைத்து அழுத்தினார். அங்கே அழுத்துவது எனக்கு எங்கே போய்ச் சேர்ந்தது என்று எழுத வேண்டியதில்லை.

“மூக்கை நல்லா உறிஞ்சுங்க ஐயா.”

உறிஞ்சினால் மொத்தமும் போய்விடும். மெல்ல உறிஞ்சினேன்.

“இன்னும் வேகமா.”

பல்லைக் கடித்து, கால் விரல்களை மடக்கி, ஒரு தடவை உறிஞ்சினேன். நான் என் வாழ்க்கையில் செய்த மிகத் துணிச்சலான செயல் அதுவாகத்தான் இருக்கும்.

“சுருங்கவே மாட்டேங்குதே” என்றார் டாக்டரம்மா, தனக்குத்தானே. பிறகு என்னிடம் திரையைக் காட்டினார். “இது இதயத்துக்குப் போற பெரிய ரத்தக் குழாய். மூச்சை உறிஞ்சினா இது சுருங்கணும். உங்களுக்கு ரொம்பி, அப்படியே விறைப்பா நிக்குது. நுரையீரல்லயும் தண்ணிக் கோடு தெரியுது. காலைல நல்லா இருந்தீங்களே?”

அப்போதுதான் எனக்கு லேசாக உறைத்தது. அவர் எண்ணியது மார்க் இல்லை.

சொல்லியிருக்கலாம். ‘அம்மா, தண்ணீர் குடித்தேன்’ என்ற மூன்று வார்த்தை. தினமும் லாரிக்காரர்களிடம் நான் பேசுவதும் மூன்றுதான். அந்த நேரம் பார்த்து மூன்று மணி ஆகி, பார்வையாளர்களை உள்ளே விட்டார்கள். கஸ்தூரி வந்தாள். பின்னால் ஏகாம்பரம். அவனுக்கும் பின்னால், கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு, மீசையும் உயரமுமாக மீஞ்சூர் சம்பந்தி. நெஞ்சு சளிக்காரனை ஓர் எட்டு பார்த்துவிட்டுப் போகலாம் என்று யாரிடமும் சொல்லாமல் ரயில் ஏறி வந்துவிட்டார். கஸ்தூரி அவரை வார்டு வாசலில்தான் பார்த்திருக்கிறாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

டாக்டரம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. எடை மெஷினைக் கொண்டுவரச் சொன்னார். ஏறினேன். எழுபத்து மூன்று கிலோ நானூறு கிராம்.

“காலைல எழுபத்தொண்ணு. ஒன்பது மணி நேரத்துல ரெண்டு கிலோ நானூறு எங்கேருந்து வந்துச்சு?”

எனக்குத் தெரியும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. இதைக் கேனைக் காட்டி எத்தனை டிரைவர்களுக்குப் புரியவைத்திருக்கிறேன்! எழுபத்தொன்றோடு இரண்டரை. நடுவில் வியர்வையில் நூறு கிராம் போயிருக்கும். அவ்வளவு சரியான மெஷின்.

“தண்ணி அதிகமாக் குடிச்சாரா?” என்று டாக்டரம்மா கஸ்தூரியைக் கேட்டார்.

கஸ்தூரி மேஜைக்குப் பாய்ந்து தன் பாட்டிலை எடுத்து உயர்த்திக் காட்டினாள்.

“இந்தா பாருங்க டாக்டரம்மா! மத்தியானக் கோட்டைக்கூடத் தொடல. நான் வெச்சது வெச்ச மாதிரி கீது. எங்க வூட்டுக்காரரு நான் போட்ட கோட்டை என்னிக்கும் தாண்ட மாட்டாரு. ஒரு சொட்டு தாண்ட மாட்டாரு!”

“ஆனா எடை ஏறியிருக்கேம்மா.”

“அப்ப உங்க மெசின் பேஜாரு” என்றான் ஏகாம்பரம், வார்டு முழுவதும் கேட்கும்படி. “எங்க மாமா யார்னு நெனச்சீங்க? இருவது டன்னு லாரியை நிக்க வெச்சி எடை சொல்றவரு. மாமா, நீயே சொல்லு. இந்த மெசின் கரீட்டா, ராங்கா?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் எடை மெஷினைப் பார்த்தேன். பக்கத்துக் கட்டிலைப் பார்த்தேன். பாய் போர்வையைத் தலைவரை இழுத்துப் போர்த்திக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். இரண்டு நிமிஷத்துக்கு முன்னால் வரை கண் சிமிட்டியவர்.

டாக்டரம்மா கட்டிலில் தொங்கிய தாளைப் புரட்டினார். “காலைல எட்டு மணிக்கு அப்புறம் யூரினே போகலையா?”

நான் இல்லை என்று தலையாட்டினேன். அது மட்டும் சத்தியம்.

சீப்புக் கருவியை எடுத்து அடிவயிற்றில் வைத்தார். திரை முழுவதும் கறுப்பாக ஒரு பெரிய பூசணிக்காய் தெரிந்தது.

“அடேங்கப்பா! இவ்ளோ சேர்ந்திருக்கு. அடைச்சிக்கிட்டு வெளிய வரலை போலிருக்கே! சிஸ்டர், உடனே டியூப் போடணும், நர்ஸ் அண்ணனைக் கூப்பிடுங்க.” பிறகு கஸ்தூரியிடம் குரலைத் தணித்துச் சொன்னார். “அம்மா, மருந்து கேக்கலைன்னு நெனைக்கிறேன். ஹார்ட் இன்னும் வீக்காகுது போல. ஐ.சி.யூ.வுக்கு மாத்தி வேற மருந்து ஆரம்பிக்கணும்.”

கஸ்தூரியின் கையில் இருந்த பாட்டில் கீழே விழுந்து உருண்டது. அதைவிட மோசம், கட்டில் காலடியிலிருந்து வந்த குரல்.

“ஹார்ட்டா?” என்றார் சம்பந்தி. “சளின்னு சொன்னீங்களே?”

ஏகாம்பரம்கூடப் பேசவில்லை. அவன் பேசாமல் நின்றதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கஸ்தூரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் சாகப்போகிறேன் என்று அவள் நம்பிவிட்டது அவள் கண்ணில் தெரிந்தது. அதே நேரம் ஓர் ஆண் நர்ஸ் தள்ளுவண்டியோடு வந்து உறையைக் கிழித்து ஒரு ரப்பர் குழாயை வெளியே எடுத்தார். அதன் நீளத்தைப் பார்த்தேன். அது எங்கே போகப் போகிறது என்று யோசித்தேன்.

நாற்பத்தொன்பது வருஷமாக உள்ளே இருந்த குரல் மொத்தமும் அப்போதுதான் வெளியே வந்தது.

“டியூபு வாணாம்! அடைக்கல, நான்தான் புட்ச்சி வெச்சிகினு கீறேன்! தண்ணி குடிச்சேன்! ஸ்கேனுக்குன்னு குடிச்சேன்! ரெண்டரை லிட்டரு! ஹார்ட்டுக்கு ஒண்ணியும் ஆவல! வுடுங்க, நான் போவணும்!”

வராந்தாவில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கழிவறை முப்பதடி தூரம். எழுந்து நின்றதும் முப்பதடி நடக்க முடியாது என்று தெரிந்துவிட்டது. சிஸ்டர் அதைப் புரிந்துகொண்டு கோடு போட்ட கேனை என் கையில் திணித்து, பச்சைத் திரையை இழுத்தார். திரைச் சட்டத்தில் ஒரு சக்கரம் உடைந்திருந்தது. அது சாய்ந்து விழப் பார்த்தது. அதை விழாமல் பிடித்துக்கொண்டு நின்றவர், உயரமாக இருந்த ஒரே காரணத்தால், சம்பந்தி.

நாற்பது பேர் இருக்கும் வார்டில் அப்போது வேறு எந்தச் சத்தமும் இல்லை. என் சத்தம் மட்டும்தான். நிற்கவே இல்லை. கேனில் முதல் கோடு, இரண்டாவது கோடு, மூன்றாவது கோடு.

“ரொம்பிடும் போல கீது!” என்று கத்தினேன்.

பக்கத்துக் கட்டிலில் குறட்டை நின்றது. போர்வைக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு, திரைக்கு மேல் இன்னொரு கேனை நீட்டியது.

“இந்தா நைனா, என்னுது.”

முடிந்ததும் சிஸ்டர் இரண்டு கேனையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, வழக்கம்போல உரக்கச் சொல்லி எழுதினார்: “பதினாலாம் பெட், ஆயிரத்து நூறு.” எதிர்வரிசையில் யாரோ கை தட்டினார்கள்.

டாக்டரம்மா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். “இந்த ஸ்கேனுக்கு யாருங்க தண்ணி குடிக்கச் சொன்னது? உடம்புல தண்ணி இல்லையான்னு பார்க்கத்தானே இதையே வெச்சிருக்கோம்!”

நான் பதில் சொல்வதற்கு முன்னால் சம்பந்தி பேசினார். இன்னும் திரையைப் பிடித்துக்கொண்டே.

“ஸ்கேன்னா குடிக்கத்தானேம்மா சொல்வாங்க? எங்க வீட்ல எடுத்தப்போ மூணு பாட்டில் குடிக்கச் சொன்னாங்க. குடிக்காதீங்கன்னு நீங்க சொல்லலன்னா அவருக்கு எப்படித் தெரியும்?”

“அதான!” என்றார் பாய், எழுந்து உட்கார்ந்து. “நானும் அதத்தான் சொன்னேன்.”

“நீதான் சொன்னியா?” என்று கஸ்தூரி அவர் பக்கம் திரும்பினாள். பாய் மறுபடி படுத்துவிட்டார்.

வார்டில் பாதிப்பேர் ‘ஆமா, குடிக்கணும்ல’ என்றார்கள். டாக்டரம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். “நான்தான் சொல்லியிருக்கணும் ஐயா. என் தப்புதான். ஆனா நாளைக்கு உங்களை அனுப்ப முடியாது. உள்ளே போன மீதித் தண்ணி வெளிய வரணும். ரெண்டு நாளாவது பார்க்கணும்.”

நான் குடித்த ஒவ்வொரு மிடறும் நாளைக்கு வீட்டுக்குப் போகவேண்டும் என்றுதான். அதுவே என்னைப் போகவிடாமல் செய்தது.

சம்பந்தி திரையைச் சுவரில் சாய்த்தார். வாழைப்பழத்தை மேஜை மேல் வைத்தார். கஸ்தூரியைப் பார்த்து, “சளின்னு சொல்லியிருக்க வேணாம்மா” என்று மட்டும் சொன்னார். “நாளைக்கு வேணாம். நிறுத்திடுங்க.” போய்விட்டார்.

ஏகாம்பரம் அவர் பின்னால் ஓடினான். கஸ்தூரி ஓடவில்லை. கீழே உருண்ட பாட்டிலைத் தேடி எடுத்து, முந்தானையால் துடைத்து, மேஜையில் வைத்தாள்.

“அத்தினி பேரு எதிர்ல ஒனக்காக சண்டை போட்டேன்யா” என்றாள். “ஒரு சொட்டு தாண்ட மாட்டாருன்னு சத்தியம் பண்ணேன். பக்கத்துலயே குந்திகினு பாத்துகினு இருந்தியே.”

அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னாள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் போன் அடித்தது. மீஞ்சூர். கஸ்தூரி ஸ்பீக்கரில் போட்டாள், தனியாகக் கேட்கிற தெம்பு அவளுக்கு இல்லை.

“நாளைக்கு வேணாம்னு சொன்னதை வேற மாதிரி எடுத்துக்கிட்டீங்களோன்னு என் சம்சாரம் கேக்குது” என்றார் சம்பந்தி. “பொண்ணோட அப்பா இல்லாம தட்டு மாத்துறது எனக்குப் புடிக்கல. அதைத்தான் சொன்னேன். அவரு வந்தப்புறம் வெச்சிக்கலாம்.” பிறகு தொடர்ந்தார். “சளின்னு சொன்னது மனசுக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆனா வார்டே பார்க்கக் கத்துனாரே, அந்த மனுஷனால ரொம்ப நாள் மறைக்க முடியாது. அது போதும்.”

போனை வைத்த பிறகு கஸ்தூரி அழுதாள். நானும்தான். டாக்டரம்மாவின் கணக்கில் அந்தத் தண்ணீரும் சேரட்டும்.

மூன்றாம் நாள் காலை மறுபடி சீப்புக் கருவி வந்தது. விலாவில் வெள்ளைக் கோடு ஒன்றுகூட இல்லை. மூக்கை உறிஞ்சச் சொன்னார்கள். இந்த முறை பயமில்லாமல் உறிஞ்சினேன். திரையில் அந்தப் பெரிய குழாய் சட்டென்று சுருங்கி மறுபடி விரிந்தது. டாக்டரம்மா, “இதைத்தான் பார்க்கணும்னு காத்துக்கிட்டிருந்தேன்” என்றார். அன்றே வீட்டுக்கு அனுப்பினார். பத்து நாள் கழித்து நிச்சயம் நடந்தது. நானே உட்கார்ந்து தட்டு மாற்றினேன். ஐயர் பெயர் கேட்டபோது நானே சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே.

பந்தியில் ஆலை நண்பர் ஒருவர் மாப்பிள்ளையிடம், “எங்க ஆலை ஒரு நாள் பூரா எடுக்குற தண்ணியை உங்க மாமனாரு ஒரே மதியத்துல குடிச்சாராமே” என்று கேட்டார். யார் சொல்லியிருப்பார்கள் என்று கேட்கவேண்டியதில்லை. ஏகாம்பரம் அந்தக் கதையை ராயபுரத்தில் ஆரம்பித்து மீஞ்சூர் வரை ஓட்டிவிட்டான். அவன் சொல்லச் சொல்ல இரண்டரை லிட்டர் ஐந்து லிட்டர் ஆகி, இப்போது ஒரு குடத்தில் வந்து நிற்கிறது. அந்த வார்டில் இன்றைக்கும் கட்டிலோரமாக ஸ்கேன் பார்ப்பதற்கு முன், டாக்டரம்மா முதலில் கேட்பது ‘தண்ணி கிண்ணி குடிச்சிட்டீங்களா?’ என்பதுதானாம். மாதாமாதம் காட்டப் போகும்போது சிஸ்டர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் அங்கே நின்று சிரித்துவிட்டு வருகிறேன்.

போன மாதம் சம்பந்தி போன் செய்தார். முட்டி வலியாம். ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்களாம்.

“தண்ணி குடிக்கணுமா, வேணாமா சம்பந்தி?”

“அவங்களையே கேளுங்க சம்பந்தி. நான் கேக்காம வுட்டுதான் அப்டி ஆச்சு.”

சம்பந்தி குரலைத் தணித்துக்கொண்டார்.

“கேக்க வெக்கமா இருக்கு. அதான் உங்களைக் கேட்டேன்.”

மறுநாள் ரயில் ஏறி மீஞ்சூர் போய், அவரோடு ஸ்கேன் எடுக்குமிடத்துக்குப் போனேன். அவர் என் பின்னால் நின்றார். ஜன்னலில் இருந்த பெண்ணிடம், பத்துப் பேர் வரிசையில் நிற்கும்போது, “அம்மா, இவரு தண்ணி குடிக்கணுமா?” என்று நான் கேட்டேன்.

அந்தப் பெண் சீட்டைப் பார்த்தாள். எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள்.

“முட்டிக்கா?” என்றாள்.

வரிசையே சிரித்தது. சம்பந்தி தரையைப் பார்த்தார். நான் பார்க்கவில்லை. “ஆமாம்மா, முட்டிக்குத்தான். கேட்டுக்கிட்டா நல்லது” என்றேன்.

எழுதி முடித்தது: புரட்டாசி மாதம் எட்டாம் தேதி, வியாழக்கிழமை, சாயங்காலம்.